கச்சான் அடித்த நாட்கள்

என் மேசை இழுப்பறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்குகிற நோட்டு. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து நான்கு கட்டங்கள். முதலில் தேதி, அடுத்து காலை, அப்புறம் மாலை, கடைசியில் காத்து. காலைக்கும் மாலைக்கும் நேரே எண்கள் இருக்கின்றன: நாலு, ஐந்து, ஆறு, சில பக்கங்களில் ஒன்பது, பத்து. காத்து என்ற கட்டத்தில் எண் கிடையாது. கச்சான் என்றோ கொண்டல் என்றோ எழுதியிருக்கும். கச்சான் என்றால் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து வருவது. இரண்டும் கடற்கரைக்காரர்கள் புழங்குகிற சொற்கள். கடைசியாக எழுதிய வரியில் காலைக்கு நேரே பத்து, காத்துக்கு நேரே கச்சான். மாலைக் கட்டம் காலி.

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து இளம் விரிவுரையாளர் ஒருவர் கூப்பிட்டார். பசுமை மின்சாரத்துக்கு விழா எடுக்கிறார்களாம். இந்தப் பக்கத்தில் காற்றாலை வந்த புதிதிலேயே வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். "அந்தக் காலத்துக் கஷ்டத்தை எல்லாம் சொல்லுங்க சார். ஆனா முடிக்கும்போது பாசிட்டிவா முடிச்சிருங்க" என்றார். சரி சரி என்று சொல்லிவிட்டுப் பழைய போட்டோ ஏதாவது அகப்படுமா என்று இழுப்பறையைக் குடைந்தேன். போட்டோ அகப்படவில்லை, நோட்டுத்தான் அகப்பட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு பட்டியலே போடலாம், அதில் என் பெயரும் உண்டு என்றேன். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த வேலைக்குப் போனேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டில் குதித்துக் குளித்து, வாழைத்தோப்பு வழியே பள்ளிக்கூடம் போனவனைக் கொண்டுபோய்த் திசையன்விளைக்கு மேற்கே, செம்மண் காட்டின் நடுவில் ஒரு கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்தார்கள். கண்ணுக்கு எட்டின மட்டும் பனையும் உடைமரமும். ஆனி மாதம் பிறந்தால் காற்று சோற்றுத் தட்டில் மண்ணை வாரிப் போடும். எனக்கு அது மனுஷன் குடியிருக்கிற இடமாகவே படவில்லை. கம்பெனிக்கும் அப்படித்தான். எங்கேயோ வேறு தொழிலில் லாபம் பார்த்தவர்கள், காற்றாலை வைத்தால் வரியில் பெரிய சலுகை உண்டு என்பதற்காக வந்து இறங்கினார்கள். ஆடு மேய்ந்த இடம், பதநீர் இறக்கின இடம், ஊர்ப் பெண்கள் விறகு பொறுக்கின இடம் எல்லாம் பத்திரத்தில் 'தரிசு' என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. அந்த வார்த்தையை எழுதினவன் ஒரு நாளாவது அங்கே வந்து நின்று பார்த்திருப்பானா? எனக்குச் சந்தேகம்தான்.

என் வேலை எழுதுவது. மணிக்கு ஒரு தடவை காற்றின் வேகம், ஓடுகிற மெஷின்களின் எண்ணிக்கை, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். கண்ட்ரோல் ரூமின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஊர் லைனிலிருந்துதான் இணைப்பு. அந்த ஊர் லைனின் வோல்டேஜுக்கும் தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதையும் எழுதுவேன். மேல்தாள் கம்பெனிக்குப் போகும், அடியில் வைத்த கார்பன் பிரதி ஒரு அட்டைப்பெட்டியில் விழும். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய கட்டத்தில் இருநூறு என்றோ நூற்றெண்பது என்றோ எழுதுவேன். எழுதினேனே தவிர, ஏன் இறங்குகிறது என்று ஒரு நாளும் யோசித்தது கிடையாது. சம்பளம் எழுதுவதற்குத்தானே, யோசிப்பதற்கு இல்லையே!

எங்கள் கம்பங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம். டாக்டர் வாரத்தில் சில நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அங்கே நர்சம்மாதான். நாற்பது வயதிருக்கும். புன்னக்காயல்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். கழுத்தில் மாதா படம் தொங்குகிற உத்தரியக் கயிறும் கையில் கறுப்புக் குடையுமாக வருவார். அந்தக் காற்றில் குடை மடங்கி மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், அதை வெடுக்கென்று உதறி நேராக்கிக்கொண்டு நடப்பார். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று மனப்பாடமாகச் சொல்லுவார். ஊசிக்குப் பயந்து பிள்ளையை ஒளித்து வைக்கிற வீட்டில் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். சத்தமாகத்தான் பேசுவார், கடற்கரைக் குரல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைப் பார்க்க முடியாது. புன்னக்காயலில் படுத்த படுக்கையாக இருந்த தாயாரைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு வரப் போயிருப்பார்.

சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்து வைக்கிற குளிர்பெட்டி ஒன்று உண்டு. ஐஸ் பெட்டி என்பார்கள். உள்ளே சூடு இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நர்சம்மா எழுதுவார். பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர், அதன் முகத்தில் ஒரு முள். வோல்டேஜ் நூற்றெழுபதுக்குக் கீழே போனால் டக்கென்று ஒரு சத்தம், பெட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் நின்றால் பாதகமில்லை, உள்ளே இருக்கிற ஐஸ் தாங்கும். நாள் முழுக்க நின்றால் மருந்து கெட்டுவிடும். நாங்கள் கம்பம் நட்ட பிறகு வந்த முதல் ஆனியிலேயே அந்த டக் சத்தம் அடிக்கடி கேட்க ஆரம்பித்திருக்கிறது. அவர் பஸ் பிடித்துத் திசையன்விளை போய் ஐஸ்கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார். புடவை தொப்பலாக நனைந்திருக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும்தான்.

ஒருநாள் மத்தியானம் விறுவிறுவென்று கண்ட்ரோல் ரூமுக்கே வந்துவிட்டார். சைட் இன்ஜினியரும் நானும் இருந்தோம். குடையைச் சுவரில் சாத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், ஒங்க காத்தாடி ஊரு கரண்டைக் குடிக்கு."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, பசு பால் குடுக்குமா, பால் குடிக்குமா?"

அதற்கு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மேலதிகாரி சொன்ன வேடிக்கைக்கு அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பது ஒரு பிழைப்பு. அந்தப் பிழைப்பை நான் நன்றாகவே செய்தேன். நர்சம்மா அசையவில்லை. "சிரிக்கியளே சார். கச்சான் அடிக்க அன்னிக்கெல்லாம் முள்ளு விழுது. கொண்டல்ல விழமாட்டேங்கு. ஒங்க காத்தாடி கச்சானுக்குத்தானே சுத்துது? நான் எழுதி வச்சிருக்கேன்" என்றார். சர்க்கார் ஏட்டில் காற்றுக்குக் கட்டம் கிடையாது. அதனால் சொந்தமாக ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டிருந்தார். கடலுக்குப் போகிற வீட்டில் விடிந்ததும் முதல் வேலை இன்றைக்கு என்ன காத்து என்று பார்ப்பதுதான், அந்தப் பழக்கம் எனக்கும் விட்டுப்போகவில்லை என்று பிறகு ஒருமுறை சொன்னார். இன்ஜினியர் நோட்டைத் திறக்கவே இல்லை. "காத்தாடி கரண்டு தர்றதும்மா, குடிக்கிறதில்ல. போங்க, போய் லைன்மேனைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் அந்தக் கதையை நடித்துக் காட்டினேன். 'கரண்டு குடிக்கு' என்று அவர் குரலிலேயே சொன்னேன். கடை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் தெருவில் போனால் பின்னாலிருந்து யாராவது அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

அடுத்த வாரம் சொட்டு மருந்து போடுகிற நாள் வந்தது. சுற்று வட்டாரத்திலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு காலையிலேயே வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். நர்சம்மா பெட்டியைத் திறந்து சூட்டைப் பார்த்திருக்கிறார். ஐஸ்கட்டி வாங்கி வைத்தும் இரண்டு நாளாக எட்டுக்கு மேலேயே நின்றிருக்கிறது. மருந்து மொத்தத்தையும் எடுத்துத் தனியாக ஒதுக்கிவிட்டு, வெளியே வந்து, இன்றைக்கு மருந்து இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். பெரிய ரகளை. கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் ஏசினார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். தலையில் விழுந்த மண்ணோடு நின்றுகொண்டு அவர் சொன்னதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"கெட்ட மருந்தக் குடுத்தா பிள்ளைக்கி ஒண்ணும் ஆவாதுட்டி. அழாது, காய்ச்ச வராது, சும்மா சிரிச்சிக்கிட்டு இருக்கும். நீயும் மருந்து போட்டாச்சின்னு நிம்மதியாப் போயிருவ. அந்தப் பொய்ய நான் ஒனக்குச் சொல்லணுமா? மாதாவே, என்னால ஆவாது."

அந்த வார்த்தையின் கனம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இப்போது எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, நன்றாகவே விளங்குகிறது. அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொட்டுகளை ஊற்றி அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஒரு வம்பும் வந்திருக்காது. என்றைக்கோ ஒரு பிள்ளைக்குக் கால் விளங்காமல் போயிருந்தால்கூட, தலையெழுத்து என்றுதான் ஊர் பேசியிருக்கும். ஊற்றவில்லை, அதுதான் அவர் செய்த குற்றம். மருந்தை வீணடித்தார், வந்த ஜனங்களைத் திருப்பி அனுப்பினார், பெட்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அவர் மேல் விசாரணை வந்தது.

விசாரணை அதிகாரி ஒரு நாள் முற்பகல் ஜீப்பில் வந்தார். நர்சம்மா காற்றாலையைக் காரணம் சொல்லியிருந்ததால் கம்பெனி சார்பில் ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். இன்ஜினியர் போகவில்லை, என்னை அனுப்பினார். "கேட்டா, மெஷின் கரண்டு உற்பத்தி பண்ணுது, எடுக்கலைன்னு மட்டும் சொல்லு. வேற எதையும் பேசாத" என்று சொல்லித்தான் அனுப்பினார். வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தது. காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. காகிதம் பறக்காமல் இருக்க அதிகாரி ஏட்டின் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார். நர்சம்மா தன் நோட்டை நீட்டினார். அவர் புரட்டினார், புருவத்தைத் தூக்கினார்.

"இதென்னம்மா, கச்சான் கிச்சான்னு எழுதியிருக்கு?"

"காத்துங்கய்யா. மேக்கத்திக் காத்து."

"ஐஸ் பெட்டிக்கும் காத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? நீங்க மருந்தப் பாத்தீங்களா, வானத்தப் பாத்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி நோட்டை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார். உங்கள் மெஷின் லைனிலிருந்து மின்சாரம் எடுக்குமா என்று கேட்டார். எடுக்காது சார், கொடுக்கத்தான் செய்யும் என்றேன். இவ்வளவுதான், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஊர் லைன் வோல்டேஜை மணிக்கு மணி எழுதுகிறவன் நான் என்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. கண்ட்ரோல் ரூமுக்கு வந்த அன்றே மேசையில் தாளைப் பார்த்துவிட்ட நர்சம்மாவுக்குத் தெரியும். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். நோட்டை என் கையில் வைத்து அழுத்தினார்.

"தம்பி, நீங்களும் எழுதுதீங்க, நானும் எழுதுதேன். ரெண்டையும் ஒருநா பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க."

நான் பார்க்கவில்லை. இழுப்பறையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். பதினைந்து நாளில் அவரை மலைமேல் ஒரு சிற்றூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து கீழே இறங்கவே அரை நாள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் புன்னக்காயல் பயணம் நின்றுபோயிற்று. பணிப்பதிவேட்டில் 'கடமையில் அலட்சியம்' என்று எழுதினார்களாம். அலட்சியம்! மடியில் ஐஸ்கட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்த பொம்பளைக்கு அலட்சியம் என்று பெயர். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு.

மறுவருஷம் காற்றுக் காலத்துக்கு முன்னால் ஒரு லாரி நிறையச் சாம்பல் நிறப் பெட்டிகள் வந்து இறங்கின. கெப்பாசிட்டர் என்றார்கள். மாட்ட வந்தவரிடம் இது எதற்கு அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒங்க மெஷின் கரண்டு தரும், சரி. ஆனா உள்ள காந்தத்த எழுப்பிக்கிடதுக்கு லைன்ல இருந்து ஒரு பங்க இழுத்துக்கிட்டே இருக்கும்லா. காத்து ஏற ஏற இழுப்பும் ஏறும். பக்கத்துல இந்தப் பெட்டி இருந்தா இது குடுத்துரும். இல்லன்னா ஊரு லைன்தான் குடுக்கணும். பாவம், அந்தக் கடைசி வீட்டுக்காரனுக்கு பல்பு மினுக்கட்டாம்பூச்சி மாதிரிதான் எரியும்."

அட்டைப்பெட்டியிலிருந்து போன வருஷத்துக் கார்பன் தாள்களை அள்ளி எடுத்து, நர்சம்மாவின் நோட்டுக்குப் பக்கத்தில் தேதி வாரியாக வைத்துப் பார்த்தேன். அவர் கச்சான் என்று எழுதிய நாளெல்லாம் என் தாளில் வோல்டேஜ் சரிந்து கிடந்தது. கொண்டல் என்று எழுதிய நாளில் நேராக நின்றது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. நேரே இன்ஜினியரிடம் போனேன். "சார், அப்ப அந்த நர்சம்மா சொன்னது நெசந்தானே?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நெசம்தான்யா. எனக்குத் தெரியாதா? அத அன்னைக்கி ஒத்துக்கிட்டா, பெட்டி வர்ற வரைக்கும் மெஷினை நிறுத்துன்னு மின்வாரியக்காரன் சொல்லிருவான். சீசன் போயிருக்கும்" என்றார். அட பாவி மனுஷா! பசு பால் குடிக்குமா என்று கேட்கும்போதே தெரியும். தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார். நான் தெரியாமல் சிரித்தேன். இதில் எது பெரிய பாவம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, நோட்டையும் தாள்களையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மலையேறினேன். நர்சம்மா இளைத்துப் போயிருந்தார். தாயார் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சேதி கிடைத்து இறங்கிப் போவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டதாம். நான் தாள்களை மேசையில் பரப்பி ஒவ்வொரு தேதியாகக் காட்டிக்கொண்டே போனேன். பாராட்டுவார், அழுவார், குறைந்தபட்சம் ஏசவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இத ஏன் தம்பி எங்கிட்ட கொண்டாந்திய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவன்ட்ட கொண்டு காட்டுங்க."

காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கினேன். தெரியாதவர்களிடம் நான் காட்டவில்லை. வீட்டில் தங்கை கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், வேலை போய்விடும் என்று பயம். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளிக் கம்பெனி மாறினேன், பதவி உயர்ந்தேன். அலட்சியம் என்ற அந்த எழுத்தோடேயே நர்சம்மா ஓய்வு பெற்றார் என்றும், பிறகு இறந்துபோனார் என்றும் புன்னக்காயல்காரர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

எனக்குக் காற்றாலை மேல் கோபம் கிடையாது. அதன் சோற்றைத் தின்று வளர்ந்த உடம்பு இது. இன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டு மாடியில் சூரியத் தகடு மின்னுகிறது. போன மாதம் அந்தச் சுகாதார நிலையத்துப் பக்கம் போனேன், அங்கே ஐஸ் பெட்டியே வெயிலில் ஓடுகிறது. சந்தோஷம்தான். காற்றாலைகள் லைனிலிருந்து எவ்வளவு இழுக்கின்றன என்று அளக்கத் தனியாக மீட்டரும் வந்துவிட்டது. அதற்கு 'இழுப்பு' என்று பெயர் வைத்துக் கௌரவமாகப் பேசுகிறார்கள். நர்சம்மா 'குடிக்கு' என்றார். ஒன்றுக்குத் தலையாட்டினோம், ஒன்றுக்குச் சிரித்தோம். சொன்னது சேலை கட்டின நர்சாகவும், சொன்ன வார்த்தை கடற்கரை வார்த்தையாகவும் இருந்தது தவிர இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுத்தமான மின்சாரம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களுக்கு, அதன் முதல் வருஷங்களை யார் முதுகில் ஏற்றினோம் என்று தெரிய வேண்டாமா?

விரிவுரையாளர் நேற்று மறுபடியும் கூப்பிட்டார். அழைப்பிதழில் போட என் பேச்சுக்குத் தலைப்பு வேண்டுமாம். 'கச்சான்' என்று போடுங்கள் என்றேன். "அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த விசாரணை அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. மேடையில் சொல்லுதேன் தம்பி, பாசிட்டிவா முடியாது, சம்மதமா என்றேன். சரி சார் என்றார்.

நோட்டையும், அதோடு சேர்த்து நான் வைத்திருந்த கார்பன் தாள்களையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நோட்டின் கடைசி வரி விசாரணை நடந்த நாளுடையது. மாலைக் கட்டம் காலியாக இருப்பதற்குக் காரணம், அன்று மத்தியானமே நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. அதே நாளுக்கான என் கார்பன் தாளில் காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை. மெஷின் எடுக்காது சார், கொடுக்கத்தான் செய்யும் என்று சாட்சி சொல்லிவிட்டு வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு நேரே ஊர் லைன் வோல்டேஜை எழுதியிருக்கிறேன். நூற்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் என் கையெழுத்து.